ஓடும் குதிரையைச் சரியாகப் பார்த்தது யார்?

மாடவீதி:
பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் வரைந்த, இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்தில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டிப் பறக்கின்றன. பார்த்தாலே குளம்போசை காதில் விழுகிறது. ஓட்டம் என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தது அந்தப் படம்தான். உயிருள்ளதை அறிய கலைதான் வழி.

நுண்ணோக்கி:
எந்தக் குதிரையும் அப்படி ஓடாது. 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடுபாதையின் குறுக்கே நூல்களைக் கட்டினார். சாலி கார்டனர் என்ற பெண்குதிரை ஓட ஓட, நூல் இழுபட்டு கேமராக்கள் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தன. நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மைதான். ஆனால் அப்போது அவை நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. ஓவியர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்தார்கள், குதிரையைப் பார்க்கவில்லை.

மாடவீதி:
இதை ஏற்க மாட்டேன். அந்தப் படங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள், குதிரை அந்தரத்தில் பொம்மை மாதிரி தொங்கும். சிற்பி ரோடினின் வாதமும் இதுதான்: நிஜத்தில் காலம் நிற்பதில்லை, அதனால் கலைஞன் காட்டுவதே மெய், புகைப்படம்தான் பொய். உந்துகிற கணத்தையும் பாய்கிற கணத்தையும் ஓவியம் ஒரே உடலில் சேர்த்துவிடுகிறது.

குகைவாசி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2012-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் நாலுகால் விலங்குகள் நடப்பதைக் காட்டும் ஓவியங்களிலும் சிலைகளிலும் கால்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்தார்கள். மைபிரிட்ஜுக்கு முந்தைய நவீனக் கலைஞர்களிடம் 83.5 சதவீதம் தவறு, அவருக்குப் பிந்தையவர்களிடம் 57.9. குகை ஓவியங்களில் 46.2தான்! வேட்டைக்காரனுக்கு விலங்கின் நடை வயிற்றுப்பாடு அல்லவா?

நுண்ணோக்கி:
அருமையான தகவல். சரி, ஓவியர்கள் யாருமே பார்க்கவில்லை என்று நான் சொன்னது தவறு. ஆனால் குகை ஓவியர் செய்ததும் பொறுமையாக உற்றுப் பார்த்ததுதானே? அறிவியலின் தொடக்கமும் அதுதான். அப்புறம், நடக்கும்போது இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்று ஊன்றும் வரிசை தெரியாமல் நொண்டும் குதிரைக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது?

மாடவீதி:
வைத்தியத்துக்கு அந்த வரிசை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மைபிரிட்ஜ் தனித்தனிப் படங்களோடு நின்றுவிடவில்லை. 1879-இல் சுழலும் கண்ணாடித் தட்டுக் கருவியொன்றைச் செய்து, குதிரையைத் திரையில் ஓடவிட்டார். அந்தத் தட்டில் இருந்தவை புகைப்படங்களைப் பார்த்துக் கையால் தீட்டிய குதிரைகள். திரையில் குறுகித் தெரியும் என்பதால் அவற்றை வேண்டுமென்றே நீட்டித் தீட்டினார்கள்.