உள்ளூர் தேர்தல்ல வேலை பார்த்தவங்க இருக்கீங்களா? அரசியல் பத்தின பார்வை மாறுச்சா?

கேள்வி:
எனக்கு அரசியல்னா டிவி விவாதத்துல கத்துறதும் வாட்ஸ்அப் குரூப்ல சண்டை போடுறதும்தான், அதுக்கு மேல தெரிஞ்சுக்கவும் பிடிச்சதில்ல. இப்போ கூடப் படிச்ச ஃப்ரெண்ட் ஒருத்தி கவுன்சிலருக்கு சுயேச்சையா நிக்கிறா, தினமும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வீடு வீடா வர முடியுமான்னு கேட்கிறா. அவ மேல நம்பிக்கை இருக்கு, ஆனா உள்ள போய்ப் பார்த்தா மிச்சம் இருக்கிற நம்பிக்கையும் போயிடுமோன்னு பயமா இருக்கு. அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

பதில் 1:
மாறுச்சுங்க. நான் போனது மூணே வாரம்தான். நோட்டீஸ் கட்டும் வாக்காளர் பட்டியல் ஜெராக்ஸும் கையில குடுத்து அனுப்புனாங்க, கொள்கை அது இதுன்னு நிறைய மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன், ஒருத்தர்கூட அதைக் கேட்கல, தண்ணி ஏன் வரல, தெருமுனை லைட் எப்போ எரியும், இதுதான் கேட்டாங்க. ஒரு வீட்ல வயசான அம்மா பட்டியலை வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வச்சு, ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் பார்த்தாங்க. அவங்க வீட்டுக்காரர் பேரு இருக்கு, அவர் இறந்து நாலு வருஷமாச்சாம், இவங்க பேரு இல்ல. "போனவருக்கு ஓட்டு இருக்கு, இருக்கிறவளுக்கு இல்லையாப்பா?"ன்னாங்க, கோபமாக்கூட கேட்கல. பேர் சேர்க்கிற தேதி அப்போ முடிஞ்சு போச்சு, எனக்கு வாயே வரல. அதுவரைக்கும் ஓட்டு போடாதவங்கன்னாலே அக்கறை இல்லாதவங்கன்னு நினைச்சிட்டு இருந்தேன். இப்போ பட்டியல் திருத்தம் வந்தா ஃபார்மை எடுத்துட்டு எங்க தெருவுல நானே ஏறி இறங்குறேன்.

பதில் 2:
எனக்கு ரெண்டு பக்கமும் மாறுச்சு. நாங்க ராத்திரி பகலா அலைஞ்சு ஜெயிக்க வச்ச ஆளு ஜெயிச்ச மறுவாரத்துல இருந்து எங்க ஃபோனை எடுக்கல, அது இன்னும் வலிக்குது. ஆனா எதிர்க்கட்சிப் பசங்களைப் பத்தி நினைச்சிட்டு இருந்தது சுத்தமாப் போச்சு. ஒரே தெருவுல எதிர் எதிரா வருவோம், எந்த வீட்ல நாயை அவிழ்த்து விட்டிருக்காங்க, எந்த வீட்ல உடம்பு சரியில்லாதவங்க தூங்குறாங்கன்னு சொல்லிக்குவோம். எல்லாரும் காசுக்கு வந்தவங்கன்னு இனி என்னால சொல்ல முடியாது.

பதில் 3:
நாலு பேர் கதவைத் தட்டுனா என்ன ஆகிடப்போகுதுன்னு யோசிக்காதீங்க. அமெரிக்காவுல நியூ ஹேவன்ல 1998 தேர்தலப்போ ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன்னு ரெண்டு அரசியல் ஆராய்ச்சியாளர்கள் சோதனையே பண்ணிப் பார்த்தாங்க, எந்தக் கட்சிக்கும்னு இல்லாம ஓட்டு போட வாங்கன்னு மட்டும் சொல்லி. நேர்ல போய்ப் பேசுன இடத்துல ஓட்டு போட வந்தவங்க நல்லாவே கூடுனாங்க, தபால்ல அனுப்புனதுக்கு கொஞ்சம்தான், ஃபோன் பண்ணதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா யாருக்கு ஓட்டுங்கிற முடிவை மாத்துறது வேற கதை, ஜோஷ்வா கல்லா, டேவிட் ப்ரூக்மேன்னு வேற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2018ல 49 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, பொதுத்தேர்தல்ல பிரச்சாரத்தால அது மாறுறது சராசரியா பூஜ்யத்துக்குப் பக்கம்னு வந்துச்சு. அதனால வாசல்ல நின்னு வாதாடாதீங்க, வர வைக்கப் பாருங்க. ஒரு ஓட்டுகூட முக்கியம்தான், 2008ல ராஜஸ்தான் நாத்துவாராவுல காங்கிரஸ் வேட்பாளர் சி.பி.ஜோஷி வாங்குனது 62,215, ஜெயிச்சவர் வாங்குனது 62,216. அது சட்டமன்றத் தொகுதி, வார்டு அதைவிட எவ்வளவோ சின்னது.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. அந்த அம்மா சொன்னதைப் படிச்சிட்டு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாளைக்கு சாயங்காலம் போறேன்னு ஃப்ரெண்டுகிட்ட சொல்லிட்டேன். வேற என்ன கையில வச்சுக்கணும்?

பதில் 1:
ஒரு நோட்டு, பேனா. எந்த வீட்ல என்ன குறை சொன்னாங்கன்னு கதவு நம்பரோட எழுதுங்க, ஜெயிச்சாலும் தோத்தாலும் அந்த நோட்டை உங்க ஃப்ரெண்டுகிட்ட குடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பட்டியல்ல உங்க பேரு இருக்கான்னு பார்த்துடுங்க.

கேள்வி கேட்டவர்:
இப்போதான் பார்த்தேன். என் பேரு இருக்கு, என் தம்பி பேரு இல்ல.