மஸ்க் ஆமைக்குஞ்சு கடிக்க வருகிறது, போர் தண்ணீரோ உப்பு. எப்படி வளர்ப்பது?

மண்டபம்கரை:
ஓடு 3 செ.மீ. இருக்கும். விரலைக் கண்டாலே வாயைப் பிளக்கிறது, தூக்கினால் நாற்றம் விடுகிறது. காவிரித் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும். எவ்வளவு ஆழம் வைக்கலாம்? ஹீட்டர் வேண்டுமா? சென்னாகுனி (காய்ந்த பொடி இறால்) போடலாமா?

ஊருணிமேடு:
தம்பி, போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இது வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து நன்னீர் ஆமை. உப்பு நீர் குஞ்சின் உடம்பை வற்ற வைத்துவிடும். காவிரித் தண்ணீர் வரும் அன்றே வாய் அகன்ற டிரம்மில் பிடித்து, ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும்.

இந்த இனம் நீந்துவதைவிடத் தரையில் நடப்பதே அதிகம். பின்காலை ஊன்றிக் கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியே வர வேண்டும், அதனால் இப்போதைக்கு 4–5 செ.மீ. ஆழம் போதும். வளர வளர ஏற்றுங்கள். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சந்து விடாதீர்கள்; செருகிக்கொண்டால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். பிடித்து ஏற வேலம்பாசி ஒரு கொத்து, ஏறிக் காய ஒரு மேடு, ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

தண்ணீர் 25–27 டிகிரி இருந்தால் நல்லது. நம் ஊர் கோடையில் அது தானாகவே 30-ஐத் தாண்டும். ஹீட்டருக்குப் பதில் நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வையுங்கள். ஆனால் ஆவியாகிற தண்ணீர் உப்பைத் தொட்டியிலேயே விட்டுப் போகும். மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தால் போதாது, வாரம் ஒருமுறை பாதியை மாற்ற வேண்டும். புறஊதாக் கதிர் தரும் யுவிபி 5.0 பல்பு தினம் பத்து மணி நேரம், நடுவில் கண்ணாடி மூடி இல்லாமல். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

கணவாய்ஓடு:
சென்னாகுனி வேண்டாம், உப்பேறியது. பச்சைச் சாளை, நெத்திலியும் வழக்கமாகப் போடக் கூடாது. அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி, பி1 வைட்டமினை அழிக்கும். ஆமைத் தீனி தினம் ஒரு வேளை, அதன் தலையளவு. இடையிடையே நறுக்கிய மண்புழு, கொசுப்புழு. கால் மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இந்த வெக்கையில் சீக்கிரம் அழுகி அம்மோனியா ஏறும்.

கடல் கொடுப்பதில் இதற்கு ஆகிற ஒன்று கணவாய் ஓடு, அதுதான் சுண்ணாம்புச் சத்து. கரையில் பொறுக்கியதை மூன்று நாள் நல்ல தண்ணீரில், தினம் மாற்றி ஊறவைத்து, நகமளவு துண்டை மிதக்க விடுங்கள். கடித்தால் வெள்ளைப் பரப்பில் பிறை பிறையாகத் தடம் விழும்.

ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தாலோ மூக்கில் குமிழி வந்தாலோ நுரையீரல் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

பாம்பன்காற்று:
கடிக்கு: ஓட்டின் பின்விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, அடியில் கை கொடுங்கள். பக்கவாட்டில் பிடித்தால் கழுத்து எட்டிவிடும். கவ்விவிட்டால் இழுக்காதீர்கள், கையோடு தண்ணீரில் இறக்கினால் விட்டுவிடும். நாற்றம் ஓட்டு விளிம்புச் சுரப்பியிலிருந்து வருவது. பயம் தெளிந்தால் குறையும். தீனி இடுக்கியால் மட்டும், கையால் கொடுத்தால் விரலையே தீனி என்று நினைக்கும். கூடவே இன்னொரு ஆமை விடாதீர்கள், வாலைக் கடித்துவிடும்.

தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா உண்டு. அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குஞ்சு விற்பனைக்கு 1975-இலேயே தடை போட்டது இதற்காகத்தான். முப்பது வருஷம்கூட வாழும் உயிர் இது. வளர்க்க முடியவில்லை என்று கண்மாயில் விட்டுவிடாதீர்கள், நம் பாலாமைக்குக் கேடு.

மண்டபம்கரை:
நன்றிண்ணே. கணவாய் ஓட்டின் கெட்டி முதுகையும் போடலாமா?

கணவாய்ஓடு:
வேண்டாம், அது கூர்மையாக உடையும். கத்தியால் சீவிவிட்டு மெதுப் பக்கத்தை மட்டும் போடுங்கள்.