லைபீரியா 2003: பெண்கள் வாசலில் உட்கார்ந்ததால்தான் போர் நின்றதா?

பொருநைக்கரை:
வணக்கம். 2011 நோபல் அமைதிப் பரிசை லைபீரியாவின் எலன் ஜான்சன் சர்லீஃப், லேமா போவீ, ஏமனின் தவக்குல் கர்மான் மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். போவீயைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான், லைபீரியப் பெண்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தார்கள், போர் நின்றது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வருஷக்கணக்கில் துப்பாக்கி பிடித்தவர்கள் இதற்கா மசிந்தார்கள்? அன்றைய லைபீரிய அதிபர் சார்லஸ் டெய்லர் மேல் போர்க்குற்ற வழக்கு, கிளர்ச்சிப் படை தலைநகர் மன்ரோவியா வரை வந்தது, நைஜீரியப் படை இறங்கியது, இவையெல்லாம்தானே காரணம்? பெண்களைப் பேச்சுவார்த்தையில் சேர்க்க வேண்டும் என்று ஐநா 2000-லேயே 1325-ஆம் தீர்மானம் போட்டிருந்தது, அது எதற்காவது உதவியதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாராட்டுரை வேண்டாம்.

கானல்வரி:
நீங்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் சரிதான். ஆனால் அவை டெய்லர் ஏன் போனார் என்பதற்கான பதில். பேச்சுவார்த்தை ஏன் இழுத்தது, எப்படி முடிந்தது என்பது வேறு கதை.

கானாவில் பேச்சு தொடங்கிய அன்றே, 2003 ஜூன் 4, பக்கத்து நாடான சியரா லியோனின் போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மீதான குற்றச்சாட்டை வெளியிட்டது, அவர் அடித்துப்பிடித்து ஊர் திரும்பினார். ஜூன் 17-ல் போர்நிறுத்தம், சில நாளில் அதுவும் போயிற்று. ஜூலையில் மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, சனங்கள் பிணங்களைக் கொண்டுபோய் அமெரிக்கத் தூதரக வாசலில் அடுக்குகிறார்கள், கானா தலைநகர் அக்ராவிலோ ஓட்டலில் தங்கிக்கொண்டு எந்த அமைச்சகம் யாருக்கு என்று பேரம் நடக்கிறது. ஓட்டல் பில்லைத் தாங்கள் கட்டாதவர்களுக்கு என்ன அவசரம்?

அப்போதுதான் பெண்கள் மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்து, ஒப்பந்தம் வராமல் ஒருவரும் வெளியே போக முடியாது என்றார்கள். போவீயைக் கைது செய்யக் காவலர்கள் வந்ததும் அவர் தன் உடையைத் தானே கழற்றத் தொடங்கினார். தாய் ஸ்தானத்தில் இருப்பவள் பொது இடத்தில் அப்படிச் செய்தால் அதைப் பார்க்கிறவனுக்குச் சாபம் என்பது அங்கே உள்ள நம்பிக்கை, நம் ஊரில் ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினால் பெரிய மனிதரும் ஆடிப்போவாரே அப்படி. காவலர்கள் பின்வாங்கினார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ் சார்பில் சமரசம் பேச வந்திருந்த நைஜீரிய முன்னாள் ஆட்சித் தலைவர் அப்துல்சலாமி அபூபக்கர் வெளியே வந்து பெண்களோடு பேசினார். எல்லாரும் கூட்டத்துக்கு ஒழுங்காக வர வேண்டும், தங்களை இழிவாகப் பேசக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் அவர்கள் எழுந்தார்கள். ஆகஸ்ட் 11 டெய்லர் நைஜீரியாவுக்குப் போனார், 18-ல் ஒப்பந்தம். இதெல்லாம் பெண்களால் மட்டுமே என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருந்தவர்களின் சொகுசைக் கெடுத்தது அவர்கள்தான்.

கொள்ளிடம்மணி:
சரி, கெடுத்தார்கள். அப்புறம் பங்கு போட்டது யார்? இடைக்கால அவையில் 76 இடம், அதில் டெய்லர் அரசு, கிளர்ச்சிப் படைகளான லர்ட், மோடல் என்று ஆயுதம் வைத்திருந்த மூன்று தரப்புக்கும் தலா 12. சுட்டவனுக்கு நாற்காலி, வாசலில் கிடந்தவளுக்குக் கைதட்டல். இதைச் சாதனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, 1325 தீர்மானம் அந்த மேசையில் வெறும் காகிதம்தான்.

செவ்வந்திப்பூ:
மணி அண்ணா, பங்கீடு அநியாயம்தான், ஆனால் கதையை ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டீர்கள். வாசலில் இருந்தவர்கள் மட்டுமல்ல, மனோ ஆற்றுப் பெண்கள் அமைதி வலைப்பின்னல் என்று லைபீரியா, சியரா லியோன், கினி மூன்று நாட்டுப் பெண்களும் சேர்ந்த அமைப்பு ஒன்று 2000-லிருந்தே இருந்தது, அந்த ஒப்பந்தத்தில் அவர்களின் கையெழுத்தும் இருக்கிறது. 2001-ல் டெய்லரும் கினி அதிபர் லன்சானா கோன்ட்டேயும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தபோது, நேரில் போய் இருவரையும் பேச்சுக்கு இணங்க வைத்தவர்கள் இவர்கள்தான்.

அடுத்து ஆயுத ஒப்படைப்பு. 2003 டிசம்பரில் ஐநா அவசரப்பட்டு முகாம் திறந்தது, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் வந்து குவிந்தார்கள், கலவரமாகி முகாமையே நிறுத்த வேண்டியதாயிற்று, மறுபடி தொடங்க ஏப்ரல் ஆனது. போராளிப் பையன்களிடம் பேசப் போனவர்களில் இந்த வெள்ளைச் சட்டைப் பெண்களும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது 2005 தேர்தல் வேலை. சந்தைப் பெண்கள் பேர் பதியப் போகவில்லை, கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது, கைக்குழந்தையை யார் பார்ப்பது? இவர்கள் போய்க் கடையில் உட்கார்ந்து, குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு, நீ போய்ப் பதிந்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். சர்லீஃப் அதிபராக ஜெயித்தது அந்தத் தேர்தலில்தான்.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு கை உண்டு. 2007-ல் ஐநா பணிக்கு மத்திய ரிசர்வ் போலீஸிலிருந்து ஒரு பெண்கள் பிரிவு மன்ரோவியா போனது, ஐநா வரலாற்றில் அப்படி ஒரு முழுப் பெண்கள் போலீஸ் பிரிவு அதுவே முதல். 2016 வரை அடுத்தடுத்து ஆள் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். அதிபர் அலுவலகக் காவலும் ராத்திரி ரோந்தும் அவர்கள் பொறுப்பு.

வல்லைவெளி:
ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதே 2003-இல் எங்கட நாட்டிலும் சமாதானப் பேச்சு நடந்தது, அரசும் புலிகளும் ஆளுக்கு ஐந்து பெண்களை நியமித்துப் பாலின விவகாரங்களுக்கு என்று ஓர் உபகுழு அமைத்தார்கள், மார்ச் மாதம் கிளிநொச்சியில் கூடிக் கதைத்தார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலக, குழுவும் அத்தோடு சரி. அந்தப் பெண்களுக்கு மேசை இருந்தது, அவர்களுக்குப் பின்னால் தெருவில் ஒருவரும் இருக்கவில்லை. லைபீரியாவில் தெருவில் ஆள் இருந்தது, மேசை இருக்கவில்லை. மணி சொல்கிற பங்கீட்டுக் கதையையும் தங்கச்சி சொல்கிற சந்தைக் கதையையும் சேர்த்து வாசித்தால்தான் எனக்கு விளங்குகிறது.

பொருநைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. செவ்வந்திப்பூ, கினிக்கும் லைபீரியாவுக்கும் இடையே தூது போன அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன், அதைப் பற்றித் தமிழில் எதுவும் கண்ணில் படவில்லை.