மெட்ராஸ் வார நடைக்குப் போன நம்ம ஊர்க்காரங்க: உங்களுக்கு யார் கிடைச்சாங்க?

பாலக்கோட்டுக்காரன்:
ஆகஸ்ட் வந்தால் சென்னையில் மெட்ராஸ் வாரம். 1639 ஆகஸ்ட் 22-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கு இடம் எழுதிக் கொடுத்த நாளை வைத்து 2004-இலிருந்து கொண்டாடுகிறார்கள். (அதே 2004-இல்தான் கிருஷ்ணகிரி நம்ம தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகப் போனது. அதை யாரும் கொண்டாடிப் பார்த்ததில்லை.) சனி, ஞாயிறு காலைகளில் தெருத்தெருவாகக் கூட்டிப்போய்க் கதை சொல்வார்கள். இந்த முறை நானும் என் மச்சானும் வெள்ளிக்கிழமை ராத்திரி மொரப்பூரில் ரயில் ஏறினோம். விடியுமுன் சென்ட்ரலில் இறங்கி, குளிக்க இடம் தேடி அலைந்ததைச் சொன்னால் தனிக் கதையாகிவிடும்.

ஆறரைக்கு ஹைகோர்ட் பக்கம் கூடினோம், முப்பது பேர் இருக்கும். நடத்திய பொண்ணுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது, ஆனால் விஷயம் தெரிந்தவள். கையில் ஒரு மைக். பாரிமுனை பஸ் ஹாரன் அதில் பாதியைத் தின்றுவிட்டது. முதலில் எம்டன் கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் கரைக்கு வந்து குண்டு போட்டு எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறது. எங்க பாட்டி என்னை "சரியான எம்டன்டா நீ" என்று திட்டும்போதெல்லாம் அது ஏதோ பூச்சி பேர் என்றுதான் நினைத்திருந்தேன். ஹைகோர்ட் கோபுரத்தின் உச்சியே 1894-இலிருந்து 1977 வரை கலங்கரை விளக்கமாக எரிந்ததாம். நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

ஆனால் நான் எழுத வந்தது இது இல்லை. கொத்தவால்சாவடிப் பக்கம் திரும்பும்போது என் செருப்பு வார் அறுந்துவிட்டது. கூட்டம் முன்னே போய்விட்டது. ஓரமாக உட்கார்ந்திருந்த செருப்புத் தைக்கும் பெரியவரிடம் நின்றேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொருவர், எழுபது வயதிருக்கும், "எந்த ஊருபா?" என்றார். பாலக்கோடு என்றேன்.

"தக்காளி பாலக்கோடா?"

ஆமாங்க என்றதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். மார்க்கெட் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை அங்கே லோடு இறக்கியவராம். "ராயகோட்டை லாரி, பாலக்கோடு லாரி, ரெண்டும் நடுராத்திரிக்கு மேலதான் வரும். கூடைய தூக்கும்போதே தெரியும், அடியில நசுங்கினத வெச்சிருக்கானா இல்லியான்னு. உங்க ஊரு ஆளுங்க மேல நல்லத அடுக்கறதுல கில்லாடிங்க நைனா!" எனக்குச் சுருக்கென்றது. எங்கப்பாவும் தொண்ணூறுகளில் தக்காளி அனுப்பியவர். அடியில் என்ன வைத்தார் என்று நான் எங்கே கண்டேன்? அவர் இடது தோளைக் காட்டினார். காய்ப்பு ஏறி வலது தோளைவிடக் கொஞ்சம் மேடாக இருந்தது. செருப்புக்கு இருபது ரூபாய் கொடுத்தேன். அவருடைய டீக்கும் கொடுக்கப்போனால் கையைத் தட்டிவிட்டார்: "உங்க ஊரு தக்காளியில நெறைய சம்பாரிச்சிட்டேன்."

அரைமணி நேரம் கழித்துத்தான் கூட்டத்தைப் பிடித்தேன். மச்சான் படமெடுத்து வைத்திருந்த ஆர்மேனியன் சர்ச்சை போனிலேயே பார்த்துக்கொண்டேன். நஷ்டமில்லை.

உங்களுக்கும் இப்படி யாராவது கிடைத்திருந்தால் எழுதுங்கள்.

ஓசூர் டீச்சர்:
தம்பி, 2004-ஐ நாங்க கொண்டாடுறோம், உங்களைத்தான் கூப்பிடறதில்லை!

நான் போனது ராஜாஜி சாலை நடை. துறைமுகத்தை ஒட்டிப் போகும் ரோடு, முன்னே நார்த் பீச் ரோடு என்று பேர். 1884-இல் கட்டிய தபால் ஆபீஸ் முன்னால் நிற்கும்போது என் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அவன் அம்மாவிடம், "ராஜாஜின்னா ராஜாவா?" என்று கேட்டான். அந்தம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எங்க ஊர்ப் பக்கம் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர், அந்தச் சின்ன வீடு இன்னும் நினைவில்லமாக இருக்கிறது, பிறகு இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரல் ஆனார் என்றேன். பையன் யோசித்துவிட்டு, "அப்போ உங்க ஊர்ல கடல் இருக்கா ஆன்ட்டி?" என்றான். ஏரி இருக்கு என்றேன். அவனுக்கு அது போதவில்லை.

தருமபுரி டவுன், ரிட்டயர்டு:
வருவாய்த்துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். தீவுத்திடலில் குதிரைமேல் இருக்கும் பழைய மெட்ராஸ் கவர்னர் மன்றோ சிலைக்குக் கூட்டிப்போனார்கள். வந்தவர்கள் எல்லோரும் சேணமில்லை, கால் வைக்கிற அங்கவடியில்லை என்று அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். மறந்துவிட்டதால் சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்ற கட்டுக்கதை வேறு. லண்டனில் இதே சிற்பி சான்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் சிலைக்கும் அங்கவடி கிடையாது. அவர் பாணி அது.

எனக்கு மன்றோ வேறு மனுஷன். 1792-இல் பாராமகால் என்கிற நம்ம பகுதி கம்பெனி கைக்குப் போனதும் கம்பெனி அதிகாரி ரீடுக்கு உதவியாளராக வந்து, நம்ம தருமபுரியில் ஏழு வருஷம் இருந்து நிலம் அளந்தவர். விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே தவழ்ந்துதான் அப்புறம் மாகாணம் முழுக்க நடந்தது. இதை மெதுவாகச் சொன்னேன். பின்னால் நின்ற ராயலசீமைக்காரர் தோளைத் தட்டி, "எங்க பக்கம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பேர் வைப்பார்கள்" என்றார். அவர் பெரியப்பா பேரே அதுதானாம். வரி போட்டவன் பேரைப் பிள்ளைக்கு வைப்பார்களா? நான் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பெரியப்பாவின் பழைய பத்திரத்தைப் போனில் எடுத்துக் காட்டினார். தெலுங்கு எனக்குப் படிக்க வராது, இருந்தும் தலையாட்டினேன்.

அரூர்:
நான் பணம் கட்டிய நடை மழையில் ரத்து. பணம் திரும்பவில்லை, யார் என்று சொல்ல விரும்பவில்லை. அப்படியே ராயபுரம் போனேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் அங்கேதான். கடலோரம் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன், கருங்கல் கொட்டியிருந்த இடத்துக்கு அப்பால் தண்ணீரைக் காட்டி, "எங்க தாத்தா வூடு அங்க இருந்துச்சு" என்றார். துறைமுகச் சுவர் வடக்கே போகிற மணலை மறித்ததால் தெற்கே மெரினா வளர்ந்தது, இவர்கள் பக்கம் கரை தேய்ந்தது. மெரினாவில் சுண்டல் தின்ற அத்தனை தடவையும் எனக்கு இது தெரியாது.

காரிமங்கலம்:
எல்லாம் சரி, வழியில் பொம்பளைங்களுக்குப் பாத்ரூம் வசதி உண்டா? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஓசூர் டீச்சர்:
நான் போனதில் இல்லைம்மா. நடு வழியில் ஒரு ஹோட்டலில் காபி வாங்கிக்கொண்டு போய்வந்தேன். காபி நல்லாயிருந்தது.

பாலக்கோட்டுக்காரன்:
செருப்பு வேண்டாம், ஷூ போட்டுப் போங்க. இல்லை, செருப்பே போடுங்க.