வெள்ளைக்காரரிடம் ‘ஜாலி’ என்று சொன்னால் தப்பா?

கேள்வி:
போன மாதம் ஆபீஸில் எங்கள் டீமை இரண்டு நாள் பயிற்சிக்கு ஏற்காடு அனுப்பினார்கள். வந்ததும் லண்டன் மேனேஜருக்கு மெயில் போட்டேன். அதில் ‘இட் வாஸ் எ ஜாலி ட்ரிப்’ என்று ஒரு வரி. கலகலப்பாகப் போனது என்கிற அர்த்தத்தில்தான் எழுதினேன். அவரோ, ‘ஸோ இட் வாஸ் எ ஜாலி, தென்?’ என்று கேட்டு, கண்ணடிக்கிற பொம்மையும் போட்டிருக்கிறார். கூடவே பயிற்சி அட்டவணையை அனுப்பச் சொல்கிறார். என்ன தப்பு செய்தேன்?

பதில் 1:
சார், வேலை என்று சொல்லிக் கம்பெனி காசில் ஊர் சுற்றி வருவதற்கு பிரிட்டனில் பேச்சுவழக்கில் ‘எ ஜாலி’ என்றே பெயர். பர்மிங்காமில் நான் கணக்குப் பிரிவில் இருந்தபோது, பக்கத்து சீட் அம்மா ஸ்பெயின் ஹோட்டல் பில் வந்தாலே உதட்டைச் சுழித்து, ‘அனதர் ஜாலி!’ என்பார். உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் பயிற்சி, மலை, ஜாலி மூன்றும் சேர்ந்து வந்தால் வேறு என்ன நினைப்பார்?

நமக்கு லீவு விட்டாலும் ஜாலி, பரீட்சை தள்ளிப்போனாலும் ஜாலி. அவர்கள் ‘ஐ ஆம் ஜாலி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஜாலி மேன்’ என்றால் கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி தொப்பை குலுங்கச் சிரிக்கிற ஆள்தான் கண்முன் வருவார். ‘ஜாலி குட்’டில் அது வெறும் ‘ரொம்ப’. ‘யூ வில் ஜாலி வெல் டூ இட்’ என்றால் சந்தோஷமே கிடையாது, ‘மரியாதையாகச் செய்’ என்கிற அதட்டல்!

பதில் 2:
பழைய பிரெஞ்சு ‘ஜோலிஃப்’தான் இதற்கு மூலம். இன்றைய பிரெஞ்சில் ‘ஜோலி’ என்றால் அழகான. புதுச்சேரியில் பிரெஞ்சு வகுப்பில் ‘யூன் ஜோலி மேஸோன்’ என்பதை ‘ஜாலியான வீடு’ என்று மொழிபெயர்த்து மானம் போனவன் நான்.

கேள்வி கேட்டவர்:
அப்போ என்ன எழுதியிருக்கணும்?

பதில் 1:
‘வீ என்ஜாய்ட் த ட்ரெயினிங்’ போதும். சரி, அட்டவணையை இன்றே அனுப்பிவிடுங்கள். ஏரியில் படகு விட்ட போட்டோ ஏதாவது இருந்தால் அதை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
முதல் மெயிலோடேயே நாலு அனுப்பிட்டேன் சார்.