பூசான் 40 படிகள்: அதே கல்லா, வேறு கல்லா?

கப்பல்காரன்: நேற்று இந்த மன்றத்தில் ஒருவர் தென்கொரியா பூசானில் '40 படிகள்' என்ற படிக்கட்டில் உட்கார்ந்து படம் போட்டு, "1951இல் அகதிகள் உட்கார்ந்த அதே கல்" என்று உருகியிருந்தார். அதே கல் இல்லை. பழைய படிக்கட்டு இப்போதைய இடத்திலிருந்து சுமார் 25 மீட்டர் தள்ளி இருந்தது.

சுமதி: அந்த 'ஒருவர்' நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். கொரியப் போரில் ஓடிவந்த சனம் குன்றின்மேல் பலகைக் குடிசை போட்டது, கீழே துறைமுகத்தில் மூட்டை தூக்கியது, நடுவில் இந்தப் படி. நிவாரணச் சாமான் படியோரமே கைமாறியது, பிரிந்த சொந்தத்தைத் தேடி அங்கேதான் காத்துக் கிடந்தார்கள். 25 மீட்டரில் அதெல்லாம் பொய்யாகிவிடுமா?

கப்பல்காரன்: காத்திருந்ததை யார் பொய் என்றது? கல்லைச் சொன்னேன். 25 மீட்டர்.

பஞ்சாங்கம்: பிரிந்தவர்கள் தேடிப்போன இடம் என்றால் அது யோங்டோ பாலம். 1934இல் திறந்தது, கப்பல் போக வழிவிட்டுத் தூக்கும் பாலம், ஊருக்குப் புதுசாக வந்தவனுக்கும் அடையாளம் தெரியும்.

சுமதி: பாலத்தில் காத்திருந்தால் படியில் காத்திருக்கக் கூடாதா, என்ன சட்டம் இது?

கப்பல்காரன்: பஞ்சாங்கம், பாலத்துக்குத் தனி விவாதத் திரி திறங்கள். போன மாதம் இட்லித் திரியிலும் இப்படித்தான் தோசையோடு நுழைந்தீர்கள். நான் அந்தத் துறைமுகத்துக்கு ஆறு தடவை போனவன், கூகுளில் பார்த்துப் பேசவில்லை. படியில் அக்கார்டியன் வாசிப்பவர் சிலை, கீழே தெருவில் பொரி மெஷின்காரர், வெடிக்கப் போகிறது என்று காதைப் பொத்தி நிற்கும் பிள்ளைகள், எல்லாம் பிற்பாடு வைத்தவை. நினைவுக்கல்லே 1993இல்தான். 1953 நவம்பரில் பூசான் ரயில் நிலையம் வரைக்கும் பரவிய பெருந்தீயில் அந்த வட்டாரமே எரிந்துபோனது. அப்புறம் எங்கிருந்து 'அதே கல்'?

சுமதி: கல் எரியுமா கப்பல்காரரே?

கப்பல்காரன்: எரியாது. 25 மீட்டர் நடக்கவும் செய்யாது.

மதுரைக்காரன்: அண்ணே, தலைநகரமே சியோலை விட்டு அங்கே வந்திருந்த நேரம். ஊர் முழுக்க அகதி. எந்தப் படியில் உட்கார்ந்தால் என்ன?

கப்பல்காரன்: என்னவா? போன வருடம் உங்கள் தெப்பக்குளப் படத்தைத் திருமலை நாயக்கர் மகால் என்று ஒருவர் போட்டபோது நாலு நாள் சண்டை போட்டீர்களே தம்பி, அப்போது இந்தப் பெருந்தன்மை எங்கே போயிருந்தது?

மதுரைக்காரன்: அது வேறு விஷயம். மகாலுக்கும் தெப்பக்குளத்துக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கு.

கப்பல்காரன்: சரி, எத்தனை மீட்டர் வரைக்கும் பொய் சொல்லலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்த தடவை கரை இறங்கும்போது டேப்போடு போகிறேன்.

சுமதி: எங்கிருந்து அளப்பீர்கள்? பழைய படிதான் இல்லை என்கிறீர்களே.

பஞ்சாங்கம்: டேப் எடுத்துப் போவதே போகிறீர்கள், அப்படியே பாலத்தையும் எட்டிப் பார்த்து வாருங்கள்.