கோஃபெத்தே கடற்கரைக்கு வாடகைக் காரில் போகலாமா?

மழைக்குருவி:
டிசம்பர் கடைசியில ஒரு வாரம் ஸ்பெயினோட கனாரித் தீவுகள்ல ஒண்ணான ஃபூயர்த்தவெந்தூரா போறோம். நான், மனைவி, 6 வயசுப் பொண்ணு, ஊர்ல இருந்து வந்திருக்கிற அம்மா. தங்குறது தெற்கு நுனியில, மோரோ ஹாப்லேல. அங்கிருந்து மலையைத் தாண்டினா கோஃபெத்தேன்னு ஒரு கடற்கரை. 12 கி.மீ.க்கு மணல், ஒரு ஹோட்டல்கூட கிடையாது. படம் பார்த்ததுல இருந்து அதே நினைப்பு. ஆனா போற வழி சுமார் 20 கி.மீ. மண்ரோடு. புக் பண்ணியிருக்கிறது சின்ன கார். போகலாமா? போனவங்க மட்டும் சொல்லுங்க.

மண்ரோட்டு மைனர்:
தாராளமா போங்க. நான் ஃபியட் பாண்டாவுல போய்ட்டு வந்தேன். 20, 30-க்கு மேல போகாதீங்க, ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். பாதி வழியில ரோடு ரெண்டாப் பிரியும். நேராப் போனா ஹந்தியா முனை கலங்கரை விளக்கம், வலது பக்கம் ஏறினா கோஃபெத்தே. மேல கணவாய்ல ஒரு பார்வை மேடை இருக்கு. அதுவரைக்கும் மொட்டை மலையும் ஆடும் தவிர ஒண்ணுமில்ல. அங்க ஒரு வளைவு திரும்பினதும் கீழ முழுக் கடற்கரையும் ஒரே வீச்சுல தெரியும். என் மனைவி "நிறுத்து"ன்னு கத்தினது இன்னும் காதுல இருக்கு. கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவுல ஓட்டினவனுக்கு இதெல்லாம் ஒரு ரோடா?

வடமராட்சியான்:
மைனர் தம்பி சொல்லுறதைக் கேட்டு வெளிக்கிட்டிடாதேங்கோ. நானும் உப்பிடி ஆரோ எழுதினதை வாசிச்சுப்போட்டுத்தான் போனனான். கொல்லிமலை தார் றோட்டு. இது வரிவரியாக் கிளம்பின மண், இடைக்கிடை கூர்க்கல்லு. ஓடேக்கை ஒண்டும் தெரியேல்லை. திருப்பிக் குடுக்கேக்கை வாடகைக்காரப் பெடியன் குனிஞ்சு டோர்ச் அடிச்சுப் பார்த்தான். எஞ்சினுக்குக் கீழை இருக்கிற எண்ணெய்ச் சட்டியிலை கல்லு அடிச்ச காயம், சொட்டுச் சொட்டா ஒழுகுது. 460 யூரோ. முழுக் காப்புறுதி எடுத்தனான் எண்டு நான் கத்த, அவன் ஒப்பந்தத்திலை ஒரு வரியை விரலாலை தொட்டுக் காட்டினான்: தார் போடாத வீதியிலை ஓடினால் காப்புறுதி செல்லாது.

மண்ரோட்டு மைனர்:
அண்ணே, வருத்தம்தான். ஆனா ஒப்பந்தத்தைப் படிக்காம கையெழுத்துப் போட்டதுக்கு ரோடு என்ன பண்ணும்? தினமும் எத்தனை சின்ன கார் போகுது அங்க. நீங்க வேகமா போயிருப்பீங்க.

வடமராட்சியான்:
வேகமோ? முதலாம் கியரை விட்டு இரண்டுக்கே போகேல்லை தம்பி. இறக்கத்திலை பஸ் எதிரிலை வந்திட்டுது. லொறி மாதிரி உயர்ந்த டயர் போட்ட பஸ். அவன் பின்னாலை எடுக்கமாட்டான், நான்தான் எடுக்கவேணும். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் பள்ளம், தடுப்புக் கம்பியும் இல்லை. பின்சீற்றிலை மாமி கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா எண்டுறா. பின்னாலை எடுத்த அந்த முப்பது மீற்றரிலைதான் கல்லு அடிச்சிருக்க வேணும். படிக்காமல் கையெழுத்து வைச்சது என்ரை பிழைதான், அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் "இதெல்லாம் ஒரு றோட்டோ" எண்டு எழுதி இன்னொரு குடும்பத்தை அனுப்பாதேங்கோ.

உப்புக்காற்று:
ரெண்டு பேரும் ரோட்டைப் பத்தியே பேசுறீங்க. கேட்டவர் 6 வயசுக் குழந்தையோட போறார். கோஃபெத்தே தெற்கு நுனியில இருந்தாலும் வடமேற்கைப் பார்த்தது, அட்லாண்டிக் நேரா வந்து அறையுற கரை. அலையைவிட அடிநீரோட்டம்தான் பயம். முழங்கால் தண்ணில நின்னேன், அலை திரும்பினப்போ காலுக்கடியில மணலே இல்ல, உடம்பு தானா உள்ளே நகருது. என் கணவர் கையைப் பிடிச்சு இழுத்தார். குளிக்கணும்னா மோரோ ஹாப்லே பக்கமே தண்ணி சாதுவா இருக்கும். கோஃபெத்தேல பார்க்கலாம், நடக்கலாம். குழந்தை கையை விடக்கூடாது, அவ்வளவுதான்.

மண்ரோட்டு மைனர்:
இதுல நான் மறுபேச்சு இல்ல. நானும் இறங்கல.

கணக்குப்பிள்ளை:
எனக்கு ஒரு சந்தேகம். வருஷா வருஷம் இவ்வளவு பேர் வர்றாங்க, பேசாம தார் போட்டா என்ன? அந்தக் கரையில பத்துப் பதினைஞ்சு வீடாவது இருக்கே. அவங்களுக்கு உடம்பு முடியலைன்னா ஆஸ்பத்திரிக்கு இந்தக் குலுக்கல்லதானே போகணும்? நமக்கு சாகசம், அவங்களுக்கு தினசரி அவஸ்தை.

உப்புக்காற்று:
தார் போட்ட அடுத்த வருஷமே சுற்றுலா பஸ் வரிசை கட்டும், அதுக்கப்புறம் குடை, நாற்காலி, கடை. மலைக்கு இந்தப் பக்கம் பார்த்தீங்கன்னா புரியும், கரை நெடுக ஹோட்டல். அந்தப் பக்கம் வெறும் மணல். காரணம் அந்த ரோடுதான். ஹந்தியா இயற்கைப் பூங்கா அது. முழுத் தீவையும் 2009-ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சாங்க. கேப் வெர்டேல இருந்து பெருந்தலை ஆமை முட்டை கொண்டுவந்து பொரிக்க வச்சது இதே மணல்லதான்.

கணக்குப்பிள்ளை:
ஆமைக்கு மணல் வேணும்னா சட்டம் போட்டுக் காப்பாத்துங்க. குண்டும் குழியும் என்ன காவல்காரனா? ரோடு கெட்டுக் கிடக்கிறதையே பாதுகாப்புன்னு சொல்றது எனக்கு ஏத்துக்க முடியல. எங்க ஊர் மலைக்கிராமத்துல இந்த நியாயத்தைச் சொல்லிப் பாருங்க, அடிக்க வருவாங்க.

உப்புக்காற்று:
அந்த ஊர்க்காரங்க தார் கேட்டா நான் வாயை மூடிக்கிறேன். வருஷத்துல ஒரு நாள் போய்ட்டு வர்ற நாம கேட்கிறதுதான் எனக்கு உறுத்துது.

மண்ரோட்டு மைனர்:
நடுவுல ஒண்ணு. விண்டர் மாளிகையை விட்டுட்டீங்களே! குஸ்தாவ் விண்டர்ன்னு ஒரு ஜெர்மன் பொறியாளர் மலையடிவாரத்துல கட்டின தனி வீடு, ஓரத்துல உருண்டையா ஒரு கோபுரம். ரெண்டாம் உலகப்போர்ல நாஜி நீர்மூழ்கிக் கப்பலுக்கு ரகசியத் தளமா இருந்துச்சுன்னு கதை.

வடமராட்சியான்:
கதை மட்டும்தான் தம்பி. ஒருத்தரும் ஆதாரம் காட்டேல்லை. எனக்கு மனசிலை நிக்கிறது மணலுக்குள்ளை கிடக்கிற சின்னச் சவக்காலைதான். அரைவாசிச் சிலுவையை மணல் மூடியிட்டுது.

மழைக்குருவி:
எல்லாருக்கும் நன்றி. கார் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன். வடமராட்சியான் அண்ணே சொன்ன அதே வரி எங்க ஒப்பந்தத்துலயும் இருக்கு, டயருக்கும் அடிப்பாகத்துக்கும் பொறுப்பு நம்மது. அதனால கோஃபெத்தே போற 111-ஆம் நம்பர் பஸ்லயே போறோம்.

மண்ரோட்டு மைனர்:
போச்சு. பஸ்ல போனா நினைச்ச இடத்துல நிறுத்த முடியாது. அது திரும்புற நேரத்துக்கு நீங்களும் திரும்பணும். சாயங்காலம் மலைமேல மேகம் இறங்குறதைப் பார்க்காமலே வந்துடுவீங்க.

மழைக்குருவி:
460 யூரோவுக்கு மேகம் வேண்டாம் பாஸ் :) அம்மாவுக்குத்தான் கவலை, குலுக்கல் தாங்குவாங்களான்னு.

வடமராட்சியான்:
அம்மாவை முன்சீற்றிலை இருத்துங்கோ, பின்னாலை தூக்கிப் போடும். ஒரு நாளைக்கு ஒண்டு ரண்டு தரம்தான் போகும், நேரத்தோடை போய் வரிசையிலை நில்லுங்கோ. தண்ணி, சாப்பாடு கையிலை கொண்டு போங்கோ, ஊருக்குள்ளை ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு, ஆனால் திறந்திருக்குமெண்டு நம்பேலாது. தொப்பிக்குக் கட்டாயம் நாடா வேணும். மாமியின்ரை தொப்பி கணவாய்க் காத்திலை போனது, இன்னும் அங்கைதான் எங்கேயோ கிடக்கும்.